வயது 57, உயரம் 5 அடி 1 இன்ச்: வெயிலுக்குக் குர்தியும் காட்டன் கவுனும் எந்த நீளத்தில் எடுத்தால் எடுப்பாக இருக்கும்?

கேட்டவர் எழுதியதன் சாரம் இதுதான். வயது 57, உயரம் 5 அடி 1 இன்ச். இடுப்பும் வயிறும் கொஞ்சம் பருமன், கால்கள் ஒல்லி. முப்பது வருடம் புடவையிலேயே இருந்தவர், வெயில் தொடங்கியதும் கசகசப்பு தாங்காமல் காட்டன் குர்திக்கும் நீளக் கவுனுக்கும் மாறப் பார்க்கிறார். கடையில் போட்டுப் பார்த்தால் ஒன்று ஜிப்பா மாதிரி தொளதொளவென்று இருக்கிறது, இல்லாவிட்டால் கணுக்காலில் வந்து இடிக்கிறது. மகள் முட்டிக்குக் கீழே கொஞ்சம் இருந்தால் போதும் என்கிறாள். அக்கா, "இந்த வயசுல கால் தெரியலாமா?" என்கிறார். யார் சொல்வது சரி?

இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. உங்கள் வயதுக்கு எந்த நீளம் தகும் என்பது ஒன்று. உங்கள் உடம்புக்கு எந்த நீளம் பொருந்தும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தையல் மேசையில் பதில் கிடையாது. அது வீட்டுக்கு வீடு மாறும், அதை நீங்களும் அக்காவும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது கேள்விக்கு இன்ச் டேப்பிலேயே பதில் இருக்கிறது. பேன்ட் போட்டுக்கொண்டு அதன் மேல் குர்தி போடும்போது கால் தெரிவது என்ற பேச்சே எழுவதில்லை. அங்கே அடி ஓரம் எந்த இடத்தில் முடிகிறது என்பது மட்டும்தான் கணக்கு.

உடுப்பின் அடி ஓரம் காலின் குறுக்கே ஒரு கோடு போடுகிறது. பார்க்கிறவரின் கண் அந்தக் கோட்டில்தான் போய் நிற்கும். கோடு விழும் இடத்தில் கால் மெலிந்திருந்தால் ஆளே மெலிந்து தெரிவார். கெண்டைக்கால் சதை திரண்டிருக்கும் இடத்தில் விழுந்தால் முழுக் காலும் அதே பருமன் என்று கண் எடுத்துக்கொள்ளும். எல்லோருக்கும் கால் மெலியும் இடங்கள் மூன்று: முட்டிச் சிப்பிக்குக் கீழே இரண்டு விரல் அகலத்தில் ஒன்று, கெண்டைச் சதை முடிந்து கால் குறுகத் தொடங்கும் இடம் ஒன்று, கணுக்கால் எலும்புக்கு மேலே ஒன்று. இந்த மூன்றில் ஒன்றில் முடிகிற உடுப்பு அநேகமாகத் தப்பாகாது. முட்டியின் நட்டநடுவும் கெண்டைச் சதையின் நடுவும் தவிர்க்க வேண்டிய இடங்கள்.

5 அடி 1 இன்ச் உயரத்துக்கு இதை இன்ச்சில் சொல்கிறேன். கழுத்தடியில் தோள் தொடங்கும் இடத்திலிருந்து மார்பின் மேலாகக் கீழே இறக்கி அளந்தால், முட்டிக்குக் கீழ் வரும் நீளம் சுமார் 38 முதல் 39 இன்ச். கெண்டைச் சதை திரண்ட இடம் 40 முதல் 41. சதை முடியும் இடம் 44 முதல் 45. கணுக்காலுக்குச் சற்று மேலே 48. இவை தோராயம்தான். கால் நீளம், முதுகு நீளம், மார்பளவு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் முன்னே பின்னே வரும். அதனால் இந்த எண்களை எழுதி எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போய்விட வேண்டாம், வீட்டில் ஒருமுறை சரிபாருங்கள்.

சரிபார்க்க ஆளுயரக் கண்ணாடியும் ஒரு பெரிய துப்பட்டாவும் போதும். வெளியே போட்டுப் போகும் செருப்பையே போட்டுக்கொள்ளுங்கள். தட்டைச் செருப்புக்கும் ஒரு இன்ச் குதிகாலுக்கும் பார்வைக்கு நிறைய வித்தியாசம் உண்டு. துப்பட்டாவை இடுப்பில் பாவாடை மாதிரி சுற்றி, கீழ் ஓரத்தைத் தரையிலிருந்து மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள். சில இடங்களில் கால் கட்டையாகத் தெரியும், சில இடங்களில் சட்டென்று நீளமாகத் தெரியும். நீளமாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி, வீட்டில் இருக்கும் யாரையாவது தோளிலிருந்து அந்த ஓரம் வரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து அளந்தால் ஓரமும் கூடவே இறங்கி அளவு தப்பிவிடும். டேப்பின் நுனி கழுத்தடியில் இருக்க வேண்டும். தோளின் ஓரத்தில், கை தொடங்கும் இடத்தில் வைத்தால் ஒன்று முதல் ஒன்றரை இன்ச் குறைவாகக் காட்டும். கடைகளின் சைஸ் அட்டையில் இருக்கும் நீளம் பெரும்பாலும் கழுத்தடியிலிருந்து எடுத்தது. "46 என்றுதான் போட்டிருந்தது, எனக்கு மட்டும் ஏன் குறைகிறது, கூடுகிறது" என்ற குழப்பத்தில் பாதி இங்கிருந்து வருகிறது.

இனி உங்களுக்கு நேரடியான பதில். ஒல்லிக் கால், பருத்த இடை என்றால் காலைக் கொஞ்சம் காட்டுவது உங்களுக்குச் சாதகம். நேர் வெட்டுக் குர்தியும் ஒடுக்கமான பேன்ட்டும் சேர்த்துப் போடும்போது 38, 39 இன்ச் நீளம் நன்றாக இருக்கும். அந்த அளவில் மகள் சொல்வது சரி. பேன்ட் இல்லாமல் தனியாகப் போடும் கவுனுக்கு 44, 45 இன்ச். இப்போது கடைகளில் தொங்கும் நேர் வெட்டுக் குர்திகள் பெரும்பாலும் 44 முதல் 46 இன்ச் நீளத்தில் வருகின்றன. 46 இன்ச் குர்தி உங்களுக்குத் தரையிலிருந்து ஏழு இன்ச் உயரத்தில் முடியும். இன்று கிடைக்கும், கணுக்காலோடு நிற்கும் ஆங்கிள் பேன்ட் தரையிலிருந்து நாலு, ஐந்து இன்ச்சில் முடியும். மிச்சம் தெரிவது இரண்டு இன்ச் பேன்ட், பார்ப்பதற்கு உள்பாவாடை எட்டிப்பார்ப்பது போலிருக்கும். கடையில் நீங்கள் பார்த்து முகம் சுளித்தது அநேகமாக இதுதான். குர்திக்குக் கீழே ஐந்து, ஆறு இன்ச்சாவது பேன்ட் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பேன்ட்டே தெரியாமல் கவுனாக இருந்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் கெடுக்கிறது.

கீழே என்ன போடுகிறோம் என்பதை வைத்து மேல் நீளம் மாறும். கீழே அகலமான பலாஸோ என்றால் குர்தி முட்டிக்கு ஒரு இன்ச் மேலே நிற்கலாம். அகலத்தின் மேல் நீளத்தையும் போட்டால் 5 அடி 1 இன்ச் ஆள் துணிக்குள் காணாமல் போய்விடுவார். கீழே ஒடுங்கிய பேன்ட், சுடிதார் என்றால் முட்டிக்குக் கீழே இறங்கலாம். லெக்கிங்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காட்டன் லைக்ரா லெக்கிங்ஸின் மேல் மெல்லிய காட்டன் குர்தி வழுக்காது, வியர்வையில் ஒட்டி, நடக்க நடக்கத் தொடைக்கு மேல் ஏறிச் சுருளும். அளந்து வாங்கிய 39 இன்ச், நாலு தெரு நடந்ததும் 37 ஆகிவிடும். வெயில் காலத்துக்கு நெய்த துணியில் தைத்த, கால் பக்கம் கொஞ்சம் காற்றோட்டம் உள்ள நேர் பேன்ட்டே மேல். இடுப்பு எலாஸ்டிக் ஒன்றேகால் இன்ச்சாவது அகலம் இருக்கட்டும். மெல்லிய எலாஸ்டிக் வயிற்றை இரண்டாக வெட்டி, அந்த மடிப்பு குர்தியின் மேலேயும் தெரியும்.

"ஜிப்பா மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்களே, அது நீளத்தால் வந்த கோளாறு என்று நான் நினைக்கவில்லை. இடுப்புக்குப் போதவில்லை என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்திருப்பீர்கள். சைஸ் ஏற ஏறத் தோளும் கழுத்தும் அகன்றுகொண்டே போகும். தோள் தையல் எலும்பின் மேல் உட்காராமல் கைப்பக்கம் நழுவும், முழு உடுப்பும் ஒரு இன்ச் கீழே இறங்கும், நீளமும் கூடிப்போகும். இதற்கு எதிர்க்கோளாறும் உண்டு. இடுப்பு இறுக்கமாக இருந்தால் குர்தி அங்கே மாட்டிக்கொண்டு மேலே ஏறி, நீளம் குறைந்தது போல் தெரியும். குர்தியைத் தோளுக்குப் பொருந்துவதாக எடுங்கள், இடுப்புச் சுற்றளவில் மூன்று, நாலு இன்ச் லூஸ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்த மாடலையே விட்டுவிட்டு ஏ-லைன் எடுங்கள். ஏ-லைனில் தோள் சின்னதாகவே இருந்து அடி மட்டும் விரியும்.

பக்கவாட்டு ஓப்பன் எங்கே தொடங்குகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. நேர் வெட்டுக் குர்தியில் நீளத்துக்கு அடுத்தபடி முக்கியம் இதுதான். இடுப்பின் மிகப் பருத்த இடத்துக்கு மேலேயே ஓப்பன் தொடங்கினால் முன்துண்டும் பின்துண்டும் அந்த இடத்தில் விலகி நிற்கும், காற்றடித்தால் வயிற்றுப் பக்கம் தெரியும். ரொம்பக் கீழே தொடங்கினால் பேருந்துப் படி ஏறும்போது தையல் இழுபட்டு, ஓப்பனின் உச்சியில் துணி கிழியும். உங்கள் உயரத்துக்குக் கழுத்தடியிலிருந்து 22, 23 இன்ச்சில் தொடங்குவது பெரும்பாலும் சரியாக வரும். தைக்கக் கொடுக்கும்போது நின்று ஒருமுறை, நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை அந்த இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். உட்காரும்போது இடுப்பு இரண்டு, மூன்று இன்ச் கூட விரியும். உச்சியில் உள்பக்கம் ஒரு சின்னத் துண்டுத் துணி வைத்துத் தைத்தால் கிழியாது. பல டெய்லர்கள் சொன்னால்தான் செய்வார்கள்.

ஐம்பதுக்கு மேல் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஓரம் சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பது. இளவயது உடம்புக்கு வெட்டிய பேட்டர்னில்தான் ரெடிமேட் தைக்கிறார்கள். வயிறு முன்னால் வந்திருந்தால் அது துணியைத் தூக்கிவிடும், முன் ஓரம் பின் ஓரத்தைவிட ஒரு இன்ச் மேலே நிற்கும், பக்கத் தையல் முன்பக்கம் சாயும். மேல் முதுகு கொஞ்சம் வளைந்திருந்தால் நேர்மாறு: பின் ஓரம் ஏறும், உடுப்பு பின்னுக்கு இழுக்கும், முன்கழுத்து தொண்டையில் வந்து அழுத்தும். கண்ணாடியில் நேரே பார்த்தால் இரண்டுமே தெரியாது. பக்கவாட்டில் நின்று போன் கேமராவில் ஒரு படம் எடுத்தால் உடனே தெரிந்துவிடும். தைப்பதாக இருந்தால் முன்னுக்கோ பின்னுக்கோ அரை முதல் ஒன்றரை இன்ச் கூட்டி வெட்டினால் சரியாகிவிடும். ரெடிமேடில் துணியைக் கூட்ட முடியாது, நீளமாக இருக்கும் பக்கத்தைக் குறைக்கத்தான் முடியும். உடுப்பைப் போட்டுக்கொண்டு நேரே நில்லுங்கள். மர ஸ்கேலைத் தரையில் நிமிர்த்தி வைத்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் சாக்கால் குறிக்கச் சொல்லுங்கள். மேசையில் விரித்து ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்தால் கோணல் கோணலாகவேதான் இருக்கும். உங்கள் முதுகு வளைவு எப்படி என்று எனக்குத் தெரியாததால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. அதை நேரில் பார்க்கிற டெய்லர்தான் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்த்து, பத்து வருடத்துக்கு முந்தைய அளவுச் சட்டையைக் கொடுத்து அப்படியே தைக்கச் சொல்லாதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு பலருக்கு முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கி உயரம் குறைகிறது. குறைவதெல்லாம் கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில்தான், கால் நீளம் அப்படியே இருக்கும். அதனால் பழைய அளவில் தைத்த இடுப்பு டாட் (உடம்பு வளைவுக்காகத் துணியைப் பிடித்துத் தைப்பது) இறங்கி வயிற்றில் உட்காரும், அடி ஓரம் முன்பு நின்ற இடத்துக்குக் கீழே போகும். மார்பும் இறங்கியிருக்கும். மார்புக்குக் கீழே தையல் போட்டுச் சுருக்கு வைத்த கவுன்கள் வயிற்றை மறைக்கும் என்று விற்பார்கள், உண்மைதான். ஆனால் ரெடிமேடில் அந்தத் தையல் தோளிலிருந்து 12, 13 இன்ச்சில் வரும். உங்களுக்கு மார்பின் அடி 14 இன்ச்சில் இருந்தால் தையல் மார்பின் மேலேயே ஓடும், சுருக்கு அங்கிருந்தே பொங்கி கர்ப்பிணி மாதிரி காட்டும். வாங்கும் முன் டேப் வைத்துப் பாருங்கள். இதைவிட, தோளிலிருந்து அடிவரை நீளவாட்டில் தையல் ஓடும் பிரின்சஸ் கட் கவுன் உங்களுக்கு எடுப்பாக இருக்கும். குறுக்கே கோடு ஏதும் இல்லாததால் பார்வை அடி ஓரத்துக்கு நேரே இறங்கிவிடும்.

அம்பர்லா கவுன் ஆசையாக இருந்தால் எடுங்கள், ஒரு விஷயம் மட்டும் தெரிந்து எடுங்கள். வட்டமாக வெட்டும்போது துணியின் சில பகுதிகள் நேர் இழையில் விழும், சில பகுதிகள் இழைக்குக் குறுக்கே சாய்வாக, அதாவது கிராஸாக விழும். கிராஸான பகுதி தன் எடையிலேயே தொங்கி நீளும். தைத்த அன்று மட்டமாக இருந்த ஓரம் ஒரு வாரத்தில் பக்கத்துக்குப் பக்கம் இறங்கி நிற்பது இதனால்தான், டெய்லர் மேல் பழி போட வேண்டாம். ஆனால் அவரிடம் ஒன்று கேட்கலாம்: ஓரம் அடிக்கும் முன் கவுனை ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்டு, பிறகு தரையிலிருந்து அளந்து வெட்டி மடிக்கச் சொல்லுங்கள். மடிப்பும் வெட்டுக்குத் தகுந்தபடி மாறும். நேர் வெட்டுக்கு ஒன்றரை இன்ச் மடிப்பு வைத்தால் அந்த எடையில் துணி விறைப்பாக நேரே விழும். ஏ-லைனுக்கு அரை இன்ச்சுக்கு மேல் வைத்தால் வளைவில் சுருக்கம் விழும். அம்பர்லாவுக்குக் கால் இன்ச் போதும்.

பழைய காட்டன் புடவையில் கவுன் தைக்கும் யோசனை எப்படியும் வரும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். புடவையின் பார்டர் அடி ஓரத்தில் வர வேண்டும் என்றால் புடவையின் அகலம்தான் கவுனின் நீளமாக ஆக வேண்டும். அந்த அகலம் சுமார் 45, 46 இன்ச். தோள் தையலுக்குப் போக மிச்சம் 45. உங்கள் உயரத்துக்குக் கெண்டைக்கால் முடியும் இடத்தில் கச்சிதமாக வந்து நிற்கும், மதுரை சுங்குடியோ செட்டிநாட்டுக் காட்டனோ இருந்தால் துணிந்து வெட்டலாம். கணுக்கால் வரை வேண்டும் என்றால் ஒரே துண்டில் வராது, மேலே தோள் பக்கத்துக்குத் தனித் துண்டு (யோக்) வைத்து ஒட்டுத் தையல் போட வேண்டும். பார்டர் நேர்க்கோடாக ஓடுவதால் அம்பர்லாவாகவோ ஏ-லைனாகவோ வெட்டவும் முடியாது, இடுப்பில் சுருக்கோ பிளீட்டோதான். இடுப்பு பருத்தவர்களுக்குச் சுருக்கைவிடத் தட்டையான பிளீட் நல்லது, அதையும் இடுப்பிலிருந்து ஐந்து இன்ச் வரை தைத்து அமுக்கிவிட வேண்டும்.

புதுத் துணி எடுத்துத் தைப்பதாக இருந்தால் 44 இன்ச் பன்னா (துணியின் அகலம்) உள்ள துணியில் 44, 45 இன்ச் நீள ஏ-லைன், முக்கால் கையோடு இரண்டரை மீட்டர் போதும். 36 இன்ச் பன்னா கைத்தறி என்றால் உடலுக்கு வெட்டிய மிச்சத்தில் கை வராது, மூன்று மீட்டர் எடுங்கள். வெயிலுக்கு மல்மல், கேம்பிரிக் இரண்டும் நல்லவை. மல்மல் காற்றுப் போலிருக்கும், ஆனால் உள்ளே தெரியும், அடி ஓரமும் பறக்கும். கேம்பிரிக் சற்றுக் கனமாக இருப்பதால் சொன்ன இடத்தில் நிற்கும். முதல் உடுப்பைக் கேம்பிரிக்கில் தையுங்கள். ரேயான் கடையில் கைக்குக் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் இடுப்பு, வயிறு, தொடை என்று எல்லா வளைவிலும் படிந்து வழியும். பருத்த இடைக்கு அது தோழி அல்ல. ஈரமானால் வலுவும் குறையும், நீண்டும் தொங்கும், முறுக்கிப் பிழியக் கூடாது. லைனிங் போடுவதாக இருந்தால் காட்டன் லைனிங், தோல் நிறத்துக்குப் பக்கத்து நிறத்தில். வெள்ளை லைனிங்தான் வெளியே அதிகம் தெரியும். மேல் துணியைவிட ஒரு இன்ச் குறைவாக லைனிங் முடிய வேண்டும், தைக்கும் முன் அதையும் தனியே நனைத்துக் காய வைக்க வேண்டும். அதை மறந்தால் முதல் துவைப்பில் உள்துணி சுருங்கி வெளி ஓரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நீளத்தைக் கெடுப்பதில் முதல் எதிரி துவைப்புதான். முன்கூட்டிச் சுருக்காத காட்டன் முதல் இரண்டு துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம், அதுவும் அகலத்தைவிடப் பாவு ஓடும் நீளவாட்டில் அதிகம். 45 இன்ச்சில் அது ஒன்றரை முதல் இரண்டேகால் இன்ச். 45 வாங்கினால் 43 கிடைக்கும் என்று பொருள். கெண்டைச் சதை முடியும் இடத்தில் நின்ற ஓரம் சதையின் மேலேயே ஏறிவிடும். தைக்கும் துணியை ஒரு இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, பிழியாமல் நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் டெய்லரிடம் கொடுக்க வேண்டும். ரெடிமேட் என்றால் ஒன்றரை இன்ச் நீளமாக வாங்கி, இரண்டு துவைப்பு முடிந்த பிறகே குறைக்க வேண்டும். வாங்கிய அன்றே வெட்டுகிறவர்கள்தான் பிறகு அடியில் லேஸ் வைத்துத் தைக்கிறார்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது படத்தை நம்பாமல் மாடலின் உயரத்தைத் தேடுங்கள், பல இடங்களில் போட்டிருப்பார்கள். மாடல் 5 அடி 8 இன்ச், நீங்கள் 5 அடி 1 இன்ச் என்றால் ஏழு இன்ச் வித்தியாசத்தில் ஏறக்குறைய ஆறு இன்ச் ஓரத்தில் வந்துவிடும். அவருக்குக் கெண்டைக்காலின் நடுவில் நிற்கும் 46 இன்ச் உங்களுக்கு அதைவிட ஆறு இன்ச் கீழே நிற்கும். சைஸ் கூடினால் நீளமும் கூடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான குர்திகளில் எம்-க்கும் டபுள் எக்ஸ்எல்-க்கும் நீளம் ஒன்றேதான், இல்லாவிட்டால் அரை இன்ச் வித்தியாசம். பெரிய சைஸில் மார்பும் வயிறும் துணியை எடுத்துக்கொள்வதால் முன்பக்கம் உண்மையில் குறையும். வீட்டில் பொருத்தமாக இருக்கும் ஒரு குர்தியைத் தரையில் விரித்து அளந்து, அந்த எண்ணோடு ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி.

நீளம் குறைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. அடியில் பிரின்ட் பார்டரோ எம்பிராய்டரியோ இருந்தால் அடியை வெட்டக் கூடாது. பார்டருக்கு மேலே வெட்டி, நடுத்துணியைக் குறைத்து, பார்டரைத் திரும்ப ஒட்ட வேண்டும். ஏ-லைனில் அப்படிச் செய்தால் மேல் வெட்டு கீழ் வெட்டைவிட ஒடுங்கியிருக்கும் என்பதால் பார்டரைப் பக்கத் தையலில் பிடித்துக் குறைக்க வேண்டிவரும். பிளீட் வைத்த கவுன் என்றால் இடுப்புத் தையலைப் பிரித்து மேலே குறைப்பது சுத்தம். நீளம் கூட்ட வேண்டுமென்றால் முதலில் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு இன்ச் இருந்தால் அதை முழுக்க இறக்கிவிட்டு, உள்பக்கம் வேறு துணியில் பட்டி வைத்து முடிக்கலாம். பழைய மடிப்புக் கோடு வெளுத்திருந்தால் அது போகாது, அதன் மேல் ஒரு வரிசைத் தையல் ஓட்டி மறைப்பார்கள். அடியில் வேறு நிறத் துண்டு ஒட்டுவது கடைசி வழி, குள்ளமானவர்களுக்கு அது இன்னொரு குறுக்குக் கோடு.

இதுவரை சொன்னவை அளந்து பார்த்தால் யாருக்கும் தெரிகிற விஷயங்கள். இனி அவ்வளவு உறுதியில்லாத சிலவற்றைத் தனியாகச் சொல்கிறேன். குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும், நெடுக்குக் கோடு ஒல்லியாகக் காட்டும் என்று எல்லாத் துணிக்கடையிலும் சொல்வார்கள். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-லேயே இதற்கு நேர்மாறாக எழுதிவைத்தார். 2011-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்விலும் குறுக்குக் கோடு போட்ட உருவம்தான் ஒல்லியாகத் தெரிந்தது. நெருக்கமான மெல்லிய கோடுகளுக்குப் பொருந்துவது அகலமான இரண்டு பட்டைகளுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆக, கோடு போட்ட துணி பிடித்திருந்தால் யார் பேச்சையும் கேட்காமல் எடுங்கள். குர்தி மூன்றில் இரண்டு பங்கு, பேன்ட் ஒரு பங்கு தெரிய வேண்டும் என்ற விகிதக் கணக்கும் பழக்கத்தில் வந்த கண்பழக்கம்தான், பலருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் அல்ல. முன் குட்டை பின் நீளம் என்று வரும் ஓரங்களைப் பற்றி என் அபிப்பிராயம்: வயிறு இருப்பவர்களுக்கு முன்பக்கம் ஏற்கெனவே தூக்கும், அதில் இன்னும் குட்டையாக வெட்டினால் இரட்டைத் தூக்கு. அடி ஓரம் பக்கங்களில் வளைந்து ஏறும் ஆப்பிள் கட் போட்டால் தொடைப் பக்கம் விலகும், ஒடுங்கிய பேன்ட்டோடு உங்களுக்கு அது சரிப்படாது. இது ரசனை சார்ந்தது, மறுப்பவர்கள் இருப்பார்கள்.

நைட்டியைக் கேட்கவில்லை, ஆனாலும் நம் ஊரில் வெயிலுக்கு அதிக நேரம் உடம்பில் இருக்கும் உடுப்பு அதுதான். ரெடிமேட் நைட்டிகள் பெரும்பாலும் 54 முதல் 56 இன்ச் நீளம். 5 அடி 1 இன்ச் ஆளுக்குக் கழுத்தடியிலிருந்து தரையே 53 இன்ச்தான். குனிந்து கோலம் போடும்போதும், ஈரத் தரையிலும், கையில் பாத்திரத்தோடு மாடிப்படி ஏறும்போதும் முன் ஓரம் காலில் மாட்டும். இந்த வயதில் ஒரு விழுதல் இடுப்பெலும்பு வரை கொண்டுபோய்விடும். வாங்கியதும் 49, 50 இன்ச்சுக்குக் குறைத்து, இரண்டு இன்ச் மடிப்பை உள்ளேயே விட்டு அடித்துவிடுங்கள். முன்பக்கம் வயிற்றில் தூக்குவதை நம்பி அங்கே மட்டும் நீளமாக விடாதீர்கள், படியேறும்போது முதலில் மிதிபடுவது முன் ஓரம்தான்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை உடுப்பு தைத்துப் பாருங்கள். சாதாரண கேம்பிரிக் இரண்டரை மீட்டர், தோளுக்குப் பொருந்தும் ஏ-லைன், நீளம் 45, அடியில் இரண்டு இன்ச் துணி கூடுதல். ஓரத்தை மிஷினில் அடிக்க வேண்டாம், பெரிய பெரிய கைத்தையலில் மடித்து மட்டும் தரச் சொல்லுங்கள். இரண்டு முறை துவைத்து, ஒரு வாரம் போட்டு, உட்கார்ந்து எழுந்து, பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள். ஒருமுறை 45-இல், ஒருமுறை கைத்தையலைப் பிரித்து 39-இல் மடித்துப் பேன்ட்டோடு போட்டுப் பாருங்கள். இரண்டில் எது பிடிக்கிறதோ அந்த எண்ணையும், ஓப்பன் தொடங்கும் எண்ணையும், முன்பின் வித்தியாசத்தையும் ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை கடையில் ட்ரையல் ரூம் வரிசையில் நிற்காமல் டேப்பை மட்டும் நீட்டி எடுத்துவிடலாம்.